டிராகனை ஜெயிச்சுடலாம்... சனிக்கிழமையை ஜெயிக்க முடியுமா?

செஸ் என்றால் சில மணி நேரம். டி20 மேட்ச் என்றால் ஒரு சாயங்காலம். டெஸ்ட் மேட்ச் என்றால் அஞ்சு நாள். 'ஒரு விளையாட்டு அதிகபட்சம் எவ்வளவு நாள் நடக்கும்?' என்று கேட்டால் நம்மில் பலர் அத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ராபர்ட் வார்டா, 1982-ல் ஓர் ஆட்டத்தை ஆரம்பித்தார். நாற்பது வருடங்களைத் தாண்டியும் அதை முடிக்கவில்லை. அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டி ஆடுகிற ஆட்டமும் அல்ல. அதே உலகம், அதே கதை, விட்ட இடத்திலிருந்து தொடர்ச்சி!

அவர் விளையாடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமாக டி அண்ட் டி. இந்த வகை ஆட்டங்களை 'டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம்' என்கிறார்கள். வார்டா பெரிய விதிவிலக்கு. இதே ஆட்டத்தை ஆசை ஆசையாக ஆரம்பிக்கிற பெரும்பாலான நண்பர் கூட்டங்கள், சில மாதங்களில் 'அடுத்த வாரம் பார்க்கலாம்டா' என்று கிளம்பிப் போகின்றன. அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை.

ஏன்? அதைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

நெட்ஃப்ளிக்ஸில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். முதல் எபிசோடிலேயே நான்கு பையன்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்களே... அதேதான்!

பார்க்காதவர்களுக்காக: ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்', சுருக்கமாக டி.எம் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். "பாழடைந்த கோட்டைக்குள் நுழைகிறீர்கள். உள்ளே ஏதோ மூச்சுவிடும் சத்தம். என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று டி.எம் கேட்பார். "நான் சத்தமில்லாமல் கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், 20 முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கதவு திறக்கும். சின்ன எண் என்றால் கதவு கிறீச்சிடும், உள்ளே இருப்பது விழித்துக்கொள்ளும்.

இதில் ஜெயிப்பது, தோற்பது என்று எதுவும் கிடையாது. ஒருநாள் கூடி மூன்று, நான்கு மணி நேரம் ஆடுவது ஒரு செஷன். அடுத்த செஷனில் கதை தொடரும். கேரக்டர்கள் அனுபவம் சேர்த்து லெவல் 1-லிருந்து லெவல் 20 வரை வளரலாம். இப்படித் தொடர்ந்து போகிற மொத்தக் கதைக்கும் 'கேம்பெய்ன்' என்று பெயர். மெகா சீரியலுக்கும் எபிசோடுக்கும் என்ன உறவோ, அதுதான் கேம்பெய்னுக்கும் செஷனுக்கும்.

'கேம்பெய்ன்' என்பது படையெடுப்பைக் குறிக்கிற ராணுவ வார்த்தை. அது இங்கே வந்ததற்கும் காரணம் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் பொம்மைப் படைவீரர்களை மேசையில் அடுக்கிப் போர் ஆடும் கிளப்புகள் இருந்தன. ஒரே நாளில் முடிகிற சண்டையாக இல்லாமல், ஒன்றோடு ஒன்று தொடர்புடைய பல சண்டைகளாக ஆடினால் அது கேம்பெய்ன். அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் டி அண்ட் டி-யை உருவாக்கினார்கள். மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் 1970-களின் தொடக்கத்தில் 'பிளாக்மூர்' என்ற கற்பனை உலகை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து, விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் 'கிரேஹாக்' என்ற உலகை ஆரம்பித்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய விதிமுறைகள் 1974-ல் அச்சாகின. முதலில் போட்டது 1,000 பிரதிகள்.

அந்த முதல் விதிப் புத்தகத்தில் ஒரு விஷயம் இன்று படித்தால் தலைசுற்றும். ஒரு கேம்பெய்னில் 4 பேர் முதல் 50 பேர் வரை ஆடலாமாம்! அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று அர்த்தமில்லை. இன்று நான்கு பேர் வருவார்கள், நாளை வேறு ஆறு பேர். உலகம் மட்டும் அப்படியே இருக்கும், அதற்குள் யார் வேண்டுமானாலும் வந்து போகலாம். யாராவது ஒருவர் வராவிட்டால் ஆட்டம் நிற்கும் என்ற பேச்சே அன்று இல்லை. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணக்கு போட்டுப் பார்த்தோம்

2014-ல் வந்த டி அண்ட் டி-யின் ஐந்தாம் பதிப்பு, டி.எம்-களுக்கு ஒரு வழிகாட்டல் தருகிறது. முதல் செஷன் முடிந்ததும் லெவல் 2. இன்னொரு செஷனில் லெவல் 3. மேலும் இரண்டு செஷனில் லெவல் 4. அதன்பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு அல்லது மூன்று செஷன்கள்.

கூட்டிப் பாருங்கள். லெவல் 10-ஐத் தொட 16 முதல் 22 செஷன்கள். லெவல் 20-ஐத் தொட 36 முதல் 52 செஷன்கள். வாரம் தவறாமல் கூடினால் ஒரே வருடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடலாம். மாதம் ஒருமுறைதான் கூட முடியும் என்றால் மூன்று வருடத்திலிருந்து நாலு வருடம் நாலு மாதம் வரை ஆகும். காகிதத்தில் பார்த்தால் அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை, இல்லையா?

இங்கேதான் காலண்டர் உள்ளே நுழைகிறது.

ஒரு டி.எம், நான்கு ஆட்டக்காரர்கள், மொத்தம் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஐந்து சனிக்கிழமையில் நான்கில் ஒவ்வொருவரும் ஃப்ரீ. நல்ல வருகைப் பதிவுதானே? ஆனால், ஐந்து பேரும் ஒரே சனிக்கிழமையில் ஃப்ரீயாக இருக்க வேண்டும் என்றால் 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை 0.33. அதாவது மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் ஆட்டம். 52 வாரத்தில் 17 செஷன்.

அந்த 17-ஐ மேலே சொன்ன வழிகாட்டலில் பொருத்திப் பாருங்கள். ஒரு வருடம் முழுக்க மெனக்கெட்டும் நீங்கள் நிற்பது லெவல் 8-லிருந்து 10-க்குள்!

இது நாம் போட்ட கணக்கு, வெறும் ஊகம்தான். ஆனால், நிஜமும் இதையொட்டியே இருக்கிறது. டி அண்ட் டி ஆடுபவர்கள் கேரக்டர்களை உருவாக்கி வைத்துக்கொள்ள 2017-ல் 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற டிஜிட்டல் தளம் வந்தது. அது வெளியிட்ட விவரங்களின்படி, கேரக்டர்களில் மிகப் பெரும்பாலானவை லெவல் 10 அல்லது அதற்குக் கீழே. சும்மா ஆசைக்கு உருவாக்கி, ஆடாமலே விட்ட கேரக்டர்களும் அதில் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்கிற கதைப் புத்தகங்களைப் பார்த்தாலும் இதுதான் நிலைமை. மிகப் பிரபலமான 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' லெவல் 1-ல் தொடங்கி 10-ல் முடிகிறது. லெவல் 20 வரை கூட்டிப்போகிற புத்தகங்கள் குறைவு. விதிப் புத்தகத்தின் பின்பாதியில் இருக்கிற பிரமாண்ட மந்திரங்களைப் பலர் படித்ததோடு சரி, ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

வில்லன் யார்?

இந்த விளையாட்டை ஆடுகிறவர்களிடம் அடிக்கடி அடிபடுகிற ஜோக் ஒன்று உண்டு. கேம்பெய்ன்களைக் கொல்கிற மிகப் பெரிய அரக்கன் டிராகன் இல்லை, 'எல்லோருக்கும் எந்த நாள் சரிப்படும்?' என்ற கேள்விதானாம்.

ஜோக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், கேம்பெய்ன்கள் 'முடிவது' அரிது என்பதுதான் விஷயம். அவை நின்றுபோகின்றன. யாரும் சண்டை போடுவதில்லை, யாரும் 'இத்தோடு போதும்' என்று அறிவிப்பதில்லை. ஒருவருக்கு எக்ஸாம். இன்னொருவருக்குக் கைக்குழந்தை. ஒருவர் வேலை மாறி வேறு ஊர். ஒரு வாரம் தள்ளிப் போகும், பிறகு மூன்று வாரம். நடுவில் இரண்டு மாதம் போனபின் மறுபடி உட்கார்ந்தால், கோட்டைக்குள் எதற்காகப் போனோம் என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. கல்லூரி முடிந்த வருடம் கலகலவென்று இருந்து, இப்போது பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் திறக்கிற வாட்ஸ்அப் குரூப் எல்லோருடைய போனிலும் ஒன்று இருக்கும். அதற்கு நடந்ததேதான் இதற்கும் நடக்கிறது.

காலண்டர் மட்டும் காரணமில்லை. டி.எம் களைத்துப்போவது அடுத்த பெரிய காரணம். மற்ற நால்வரும் பகடையை எடுத்துக்கொண்டு வந்தால் போதும். டி.எம்-மோ ஊர்கள், அரசர்கள், எதிரிகள், அவர்கள் பேசப்போகும் வசனம் என்று முந்தைய இரவெல்லாம் உட்கார்ந்து தயார் செய்ய வேண்டும். லெவல் ஏற ஏற கேரக்டர்களின் சக்தியும் ஏறும். பறக்கிற, மறைகிற, செத்தவரை எழுப்புகிற ஆட்களுக்கு நிஜமான ஆபத்தை உருவாக்குவது லேசான வேலையா? லெவல் 10-க்கு மேல் ஆட்டம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

இதைப் புரிந்துகொண்டு, ஆட்டத்தை வடிவமைப்பவர்களே மாறத் தொடங்கினார்கள். 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தை வெளியிடும் பைஸோ நிறுவனம், 2007-ல் ஆரம்பித்த தன் நெடுங்கதைகளை ஆறு பாகங்களாக வெளியிட்டு வந்தது. 2021-ல் மூன்று பாகத்தில் முடிகிற கதைகளும் வரத் தொடங்கின. 2009-ல் ஜேசன் மார்னிங்ஸ்டார் உருவாக்கிய 'ஃபியாஸ்கோ' இன்னும் ஒரு படி மேலே போய், டி.எம்-மே வேண்டாம், ஒரே ராத்திரியில் தொடங்கி அதே ராத்திரியில் முடித்துவிடலாம் என்றது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு பென் ராபின்ஸ் என்ற வடிவமைப்பாளருடையது. 2000-களில் அவர் நடத்திய கேம்பெய்னின் பெயர் 'வெஸ்ட் மார்ச்சஸ்'. நிரந்தரமான நாள் கிடையாது, நிரந்தரமான அணி கிடையாது, நிரந்தரமான கதையும் கிடையாது. ஒரு டஜன் பேர் சுற்றில் இருந்தார்கள். யாருக்கு எப்போது முடிகிறதோ, அவர்களே கூடிப் பேசி 'இந்த வாரம் இந்தக் காட்டுக்குள் போகிறோம்' என்று டி.எம்-முக்குச் சொல்ல வேண்டும். ராத்திரிக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும், அடுத்த முறை யார் வருவார்கள் என்று தெரியாதே! அது இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. 1974 புத்தகத்தில் இருந்த அந்த '4 முதல் 50 பேர்' ஞாபகம் வருகிறதா? ஏறத்தாழ அதே பழைய முறைதான், வேறு பெயரில் திரும்பி வந்தது.

நம் கணக்கிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஐந்து பேரும் வர வேண்டும் என்பதற்குப் பதில், 'டி.எம் வந்து, ஒருவர் குறைந்தாலும் ஆடுவோம்' என்று ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும். மூன்றில் ஒரு வாரம் என்பது மூன்றில் இரண்டு வாரமாகிவிடும். வருடத்துக்கு 17 செஷன் 34 ஆகிறது. ஆட்கள் அதேதான், லீவும் அதேதான்!

வியாழக்கிழமை மனிதர்கள்

'ஆனால், கிரிட்டிக்கல் ரோல் ஆட்கள் வருடக்கணக்கில் ஆடுகிறார்களே?' என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கார்ட்டூன்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் குரல் கொடுக்கிற நண்பர்கள் சிலர், வீட்டில் ஆடிக்கொண்டிருந்த தங்கள் கேம்பெய்னை 2015 மார்ச்சில் இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். டி.எம் மேத்யூ மெர்சர். வியாழக்கிழமை தோறும் மூன்று, நான்கு மணி நேரம். முதல் கேம்பெய்ன் 115 எபிசோடுகள் ஓடி 2017 அக்டோபரில் முடிந்தது. அடுத்தது 2018 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை 141 எபிசோடுகள். மூன்றாவது, 121 எபிசோடுகளோடு 2025 பிப்ரவரியில் முடிந்தது. முதல் கதையை அனிமேஷன் தொடராக்க 2019-ல் ரசிகர்களிடம் நிதி கேட்டபோது ஒரு கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அது அமேசான் பிரைமில் வந்துகொண்டிருக்கிறது.

இதைப் பார்த்து ஏங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வியாழக்கிழமை ஆட்டம் என்பது வேலை. ஆபீஸுக்கு வருவதுபோல வந்துதான் ஆக வேண்டும். அப்படிப்பட்டவர்களையே 2020-ல் கொரோனா சில மாதங்கள் உட்கார வைத்துவிட்டது. நம் வீட்டு மேசையில் மூன்று மாதம் ஓடிய கதையை அவர்களோடு ஒப்பிடுவது, தெரு கிரிக்கெட்டை ஐ.பி.எல்லோடு ஒப்பிடுகிற மாதிரி.

பேரன் வரை போகிற கதை

சரி, வேலையாக இல்லாமலே நீண்டு ஓடுவதற்கு என்ன வழி? 'பென்டிராகன்' என்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஆர்தர் மன்னர் காலத்து வீரர்களின் கதை. கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கி 1985-ல் வந்தது. 2006-ல் அவர் இதற்காக ஒரு மாபெரும் கேம்பெய்ன் எழுதினார். கதை கி.பி 485-ல் தொடங்கி 566-ல் முடிகிறது. ஒரு செஷனுக்குக் கதையில் ஒரு வருடம் என்பது ஏற்பாடு. அப்படியென்றால் 80-க்கும் மேற்பட்ட செஷன்கள்!

இதில் அழகான விஷயம், ஒவ்வொரு வருட முடிவிலும் வருகிற குளிர்காலக் கட்டம். அறுவடை எப்படி, கல்யாணம் ஆனதா, குழந்தை பிறந்ததா, அது பிழைத்ததா என்று எல்லாவற்றுக்கும் பகடை உருட்ட வேண்டும். உங்கள் வீரருக்கு வயதாகும், கை தளரும், ஒருநாள் சாவார். நீங்கள் அவர் மகனாக ஆட்டத்தைத் தொடர்வீர்கள், பிறகு பேரனாக. ஒரு கேரக்டரின் சாவோடு கதை முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நீண்ட ஆட்டத்தின் முதல் நிபந்தனை என்பதை ஸ்டாஃபோர்ட் புரிந்துவைத்திருந்தார்.

வார்டாவின் ஆட்டத்திலும் இப்படிப்பட்ட ஒரு ஏற்பாடு இருக்கிறது. நாற்பது வருடத்தில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். உலகம் மட்டும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. வீட்டின் அடித்தளம் முழுக்க ஆயிரக்கணக்கில் குட்டி உருவங்கள், கோட்டைகள், மலைகள். 'வயர்டு' இதழ் அவரைத் தேடிப்போய் வீடியோ எடுத்தது. மலைக்கவைப்பது அந்த அடித்தளம்தான். ஆனால், யோசித்தால் ஆட்டத்தைக் காப்பாற்றியவை அந்த பொம்மைகள் என்று தோன்றவில்லை. ஒரே மனிதர், ஒரே உலகம், நிற்காத அழைப்பு. அவர் நிறுத்தியிருந்தால் என்றோ நின்றிருக்கும்.

காலண்டர் இல்லாத இடம்

எல்லா மேசைகளுக்கும் நேரம்தான் பிரச்னை. நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் இடத்திலும் இந்த ஆட்டம் நடந்திருக்கிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் பொலன்ஸ்கி சிறை. மரண தண்டனைக் கைதிகள் தனித்தனி அறையில் அடைபட்டிருப்பார்கள். ஒன்றாக உட்கார மேசை கிடையாது. பகடை வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. அவர்கள் காகிதத்தில் சுழல்முள் செய்து எண்களைத் தீர்மானித்தார்கள். வரைபடங்களையும் குறிப்புகளையும் கைக்குக் கை கடத்தினார்கள். அறைக்கு அறை கத்திப் பேசி ஆடினார்கள். 2023-ல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழும் 'மார்ஷல் புராஜெக்ட்' செய்தி நிறுவனமும் இதை விரிவாக எழுதின. அங்கே கேம்பெய்ன்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓடின. யாரும் 'இந்த சனிக்கிழமை முடியாது' என்று சொல்வதில்லை.

அவர்களில் ஒருவர் பில்லி வார்ட்லோ. 18 வயதில், 1993-ல், ஒரு முதியவரைக் கொள்ளையடிக்கப் போய் சுட்டுக்கொன்றவர். செய்தது கொடூரம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் அந்தச் சிறையில் இருந்தார். கூட ஆடியவர்களுக்கு அவர் நெருங்கிய நண்பர். 2020 ஜூலை 8-ம் தேதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்த எல்லாவற்றிலும், ஒருவரின் இருக்கை காலியாகும் தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது இங்கே மட்டும்தான்.

ஆரம்பிக்க ஆசையா?

அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிமுகப் பெட்டியாக 2014-ல் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்' கதை லெவல் 1-லிருந்து 5 வரை மட்டும். வழிகாட்டல் கணக்குப்படி ஆறேழு செஷன், அரட்டையும் டீயும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். புதிய டி.எம்-களில் பலர் செய்வது, முதல் நாளே ஐந்து வருடத்துக்கான உலகத்தை உருவாக்க உட்கார்வது. வேண்டாம்.

நண்பர்களிடம் 'ஒரு கேம்பெய்ன் ஆரம்பிக்கலாமா?' என்று கேட்காதீர்கள், 'நாலு சனிக்கிழமை, அதோடு கதை முடியும், வர்றீங்களா?' என்று கேளுங்கள். ஒருவர் வராவிட்டாலும் ஆடுவோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வராதவரின் கேரக்டர் அன்று காய்ச்சலில் படுத்திருக்கட்டும். போன தடவை என்ன நடந்தது என்பதை யாராவது ஒருவர் நாலு வரி எழுதி குரூப்பில் போட்டுவைப்பது நல்லது. டி.எம்-மாக இருப்பவருக்கு அன்றைய சமோசா செலவிலிருந்து விலக்கு கொடுங்கள், பாவம், முந்தைய ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். நாலாவது சனிக்கிழமை கதையை நிஜமாகவே முடியுங்கள். பிறகு, ஐந்தாவது சனிக்கிழமைக்கு யார் முதலில் மெசேஜ் போடுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த டி.எம் அவர்தான்!